ஒரே வாளி

மோக்கா நகரத்தில் கார் வைத்திருப்பவர்கள், கார் கழுவும் ரடாமேஸை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். கூட வேலை செய்பவர்கள் ‘பாதிரியார்’ என்பார்கள், அவன் காதில் விழாதபடி. மற்றவர்கள் கார் கழுவும் நேரத்தில் பாட்டுப் போட்டு, பீர் குடித்து, இடுப்பை ஆட்டிக்கொண்டிருக்க, இவன் மட்டும் பிரஷ்ஷைக் கையில் தூக்கிப் பிடித்துப் பிரசங்கம் செய்வான். டயருக்குப் பாலிஷ் போடும் பிரஷ்ஷில் கறுப்பு டேப் சுற்றியிருக்க வேண்டும். அதைக் கழுவத் தனி வாளி. அந்த வாளியில் வேறு எந்தப் பிரஷ்ஷும் நனையக்கூடாது.

“டயர் பாலிஷ் எண்ணெய்டா! தண்ணி மேல மிதக்கும். அதே வாளியில எதை முக்கி எடுத்தாலும் அதுல ஒட்டிக்கிட்டுதான் வரும்” என்று கத்துவான்.

“ஆமென்” என்பான் அவனுடைய கூட்டாளி டாத்திகோ, தொப்பையைத் தடவிக்கொண்டே.

இப்படிப்பட்ட மகானுக்குச் சொந்தமாக ஒரு கார் கிடையாது. ஊர்க் கார்களுக்கெல்லாம் மினுமினுப்புப் போட்டுவிட்டு, புகை கக்கும் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவன் அவன். மனைவியும் கிடையாது. டிலேனியா அவனை விட்டுவிட்டு லியோனிதாஸ் என்ற பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். டாக்டரிடம் வெள்ளை ஜீப் இருந்தது. திட்டலாமென்றால் அந்த மனுஷன் நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான். ரடாமேஸின் கடைவாய்ப்பல்லை அவன்தான் வலிக்காமல் பிடுங்கினான்.

மகள் யுலைசிக்குப் பதினைந்து வயது நிறைகிறது. அந்த ஊரில் பெண்ணுக்கு அது கல்யாணம் மாதிரி. சர்ச்சில் பூசை, பிறகு மண்டபத்தில் விருந்து, ஆட்டம் எல்லாம். அதில் பாதிக்கு மேல் டாக்டர் கைங்கரியம். ரடாமேஸ் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். வீட்டிலிருந்து சர்ச்சுக்கு மகளைத் தானே காரில் அழைத்துப் போக வேண்டும். பத்து நிமிஷப் பயணம்.

“பத்து நிமிஷந்தானே, எடுத்துக்கோ. ஆனா ஏதாவது கோமாளித்தனம் பண்ணின, அங்கேயே இறக்கி எங்க ஜீப்புல ஏத்திக்குவேன்” என்றாள் டிலேனியா.

ஞாயிற்றுக்கிழமை தோறும் யுலைசி அவனிடம் வருவாள்தான். ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே வருவாள், பார்த்துக்கொண்டே போவாள். அந்தப் பத்து நிமிஷமாவது பிள்ளை தன்னோடு இருக்கட்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. புகையிலை வியாபாரியான வாடிக்கையாளர் ஒருவரைக் கெஞ்சி, அவருடைய பழைய காரை இரவல் வாங்கினான். வான நீலம், மடக்கிவிடுகிற கூரை, வெள்ளைத் தோல் சீட்டு. பின்சீட்டு முதுகின்மேல் பெண்ணை உட்கார வைத்து ராணி மாதிரி ஊர்வலம் கொண்டுபோகலாம்.

அன்று காலை ஊரில் குழாய்த் தண்ணீர் நின்றுவிட்டது. அது ஒன்றும் அதிசயமில்லை. கார் ஏற்கெனவே கழுவி முடிந்திருந்தது, டயர்களுக்குப் பாலிஷும் போட்டாகிவிட்டது. சீட்டு மட்டும்தான் பாக்கி. சீட்டுப் பிரஷ்கள் சுத்தமாகக் கழுவி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மூளை உள்ளவன் ஒன்றை எடுத்து வேலையை முடித்திருப்பான். ரடாமேஸ் யோசித்தான். என் பொண்ணு உட்காரப்போகிற சீட்டு! சுத்தமான பிரஷ் போதுமா? ரொம்பச் சுத்தமான பிரஷ் அல்லவா வேண்டும்?

பீப்பாயின் அடியில் ஒரு வாளித் தண்ணீர்தான் தேறியது. அதைச் சுட வைத்தான். பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்தான். கறுப்பு டேப் பிரஷ் அப்போதுதான் வேலை முடிந்து பிசுபிசுவென்று கிடந்தது. அது அவன் கண்ணை உறுத்தியது. முதலில் அதை முக்கினான். பழைய சீப்பால் பிரஷ் முடியைச் சிக்கெடுத்தான், கசக்கினான், உதறினான். நுரை பழுப்பாக மாறியது. ஆகா, எப்படி அழுக்குப் பிரிகிறது பார் என்று ரசித்தான். பிறகு அதே தண்ணீரில் சீட்டுப் பிரஷ்களை ஒவ்வொன்றாகப் போட்டான்.

‘சோப்புதான் நிறைய இருக்கே, ஒண்ணும் ஆகாது’ என்று மனசு சொன்னது. இதே வார்த்தையைச் சொன்னதற்காக எத்தனை பேரை அவன் கிழிகிழியென்று கிழித்திருக்கிறான்! தனக்கென்று வரும்போது மட்டும் சட்டம் சற்று வெளியே போய் உட்கார்ந்துகொண்டது.

சீட்டு முழுவதும் அந்தச் சீட்டுப் பிரஷ்களால் தேய்த்தான். துடைத்தான். சீட்டு தகதகத்தது.

டாத்திகோ வந்து எட்டிப் பார்த்தான். “என்னய்யா, தோல் சீட்டு இப்படியா மினுங்கும்? வறுத்த வாழைக்காய் மாதிரி இருக்கே?”

“வேலை தெரிஞ்சவன் கை பட்டா அப்படித்தான். உனக்கு எங்க புரியப்போகுது?”

“சரி பாதிரியாரே” என்று டாத்திகோ நேருக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் டிலேனியா வீட்டு வாசலில் கார் நின்றதும் யுலைசி வந்தாள். கத்தரிப்பூ நிறத்தில், வளையம் வைத்துக் குடை மாதிரி விரிந்த பாவாடை. போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ரடாமேஸ் இரவல் கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைத் தூக்கி உட்கார வைத்தான். பின்னால் ஜீப்பில் டாக்டரும் டிலேனியாவும்.

முதல் இரண்டு தெரு நன்றாகத்தான் போயிற்று. பூங்கா முனையில் அவன் சற்றுப் பெருமிதமாக ஸ்டியரிங்கை ஒடித்தான். சர்ரென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் மகளைக் காணோம். மகள் இருந்த இடத்தில் ஒரு பாவாடை நின்றது. அதற்கு மேலே இரண்டு செருப்புகள். மளிகைக்கடை வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவன் காரை நிறுத்தி ஓடினான். யுலைசி எழ முயன்றாள், மறுபடி வழுக்கினாள். ஒருவழியாகத் தூக்கி நிறுத்தினால், பாவாடையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

டிலேனியா அதற்குள் வந்துவிட்டாள். “ஐயோ, என் பொண்ணு டிரெஸ்! உன்னைப் பத்தித் தெரிஞ்சும் விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். யுலைசி, இறங்கு. ஜீப்புல ஏறு.”

காரின் சொந்தக்காரர் எதையோ தடவி வைத்திருந்தார் என்று சொல்லிவிடலாமா? வாய்வரை வந்தது. மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து அவன் பிரசங்கத்தைக் கேட்டவள் அவள்.

“அப்பா, இது டயர் பாலிஷ்தானே?”

“ஆமாம்மா.”

“ஒரே வாளியிலயா கழுவின?”

ரடாமேஸ் தலையை ஆட்டினான். செத்துவிடலாம் போலிருந்தது.

“நீயா?” என்றாள் யுலைசி. “நீயேவா?” உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று அவன் கையை நீட்டினான். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் போட்ட மை வழியும்வரை சிரித்தாள். “அம்மா, டாத்திகோ மாமாவை ஒரு நாள் பூரா திட்டினாரும்மா இதுக்கு!”

“சிரிப்பு வேறயா? முதல்ல இறங்குடி!”

“இறங்க மாட்டேன். கறை பின்னாடிதானே இருக்கு? பின்னாடி வர்றது நம்ம ஜீப்பு. நீங்க ரெண்டு பேரும் பாக்காம வாங்க.” செருப்பைக் கழற்றி வீசினாள். வெறுங்காலைக் காரின் தரையில் ஊன்றி, முன்சீட்டுக்குப் பின்னால் நின்றாள். “உக்காந்தாதானே வழுக்கும்? நான் நின்னுக்கிட்டே வர்றேன். மெதுவா ஓட்டுப்பா. விழுந்தேன்னா கொன்னுடுவேன்.”

முன்சீட்டின் முதுகும் வழுக்கியதால் அப்பாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள்.

ஆள் நடக்கிற வேகத்தில் கார் நகர்ந்தது. ஒரு கிழவர் கைத்தடியோடு அவர்களைத் தாண்டிப் போனார். டாக்டர் பாவம், முதல் கியரிலேயே பொறுமையாக ஊர்ந்து வந்தார். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் யுலைசி கூவினாள்: “இவருதான் எங்கப்பா! மோக்காவிலேயே பெரிய மாஸ்டர்! சீட்டுக்கு டயர் பாலிஷ் போட்டிருக்காரு, வந்து பாருங்க!”

ஜனங்கள் சிரித்தார்கள். ரடாமேஸ் ஹாரனை அடித்து, கையை ஆட்டி, அவர்களுக்கு வணக்கம் சொன்னான். இவ்வளவு மானம் போன நாளும் இல்லை, இவ்வளவு சந்தோஷப்பட்ட நாளும் இல்லை.

சர்ச் தெருவுக்குத் திரும்பும் முனை வந்தது. திரும்பினால் அவனுடைய பயணம் முடிந்துபோகும். அவன் கை திரும்பவில்லை. கார் நேராக நகர்ந்தது. பின்னால் டிலேனியா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

“அப்பா, சர்ச் அந்தப் பக்கம்” என்றாள் யுலைசி.

“தெரியும்மா.”

“தெரிஞ்சா சரி” என்றவள், முடியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.