யாரும் இல்லாத ஊருக்கு ஒரு வருட விசா

...பல் டாக்டரிடம் போனேன் என்று சொல்லிவிடலாம், இல்லை, அண்ணி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிடுவாள், கண் டாக்டர் என்றால் கண்ணாடி எங்கே என்பாள், பாங்க், அதுதான் சரி, பாங்கில் காக்க வைத்துவிட்டார்கள் என்றால் உலகத்தில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாமாம், ஒரு விசாவுக்கு எத்தனை பொய் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. விசா அலுவலகத்தின் இரும்பு நாற்காலி முதுகில் சில்லிட்டது, ஃபைலை மடியில் அணைத்தபடி டோக்கன் பலகையைப் பார்த்தாள், அவள் எண் இன்னும் வரவில்லை. இந்த வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று கம்பெனி கடிதமே கொடுத்திருக்கிறது, எங்கிருந்தும் என்றால் அண்ணன் வீட்டுச் சமையலறையை ஒட்டிய அறையிலிருந்தும்தான், அதுதானே வினை. எங்கோ ஒரு டாக்டர் யாருடைய ஈரலைப் பற்றியோ முணுமுணுத்துப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக்கொண்டு அவள் தட்டச்சு செய்யவேண்டும், ஒரு சொல் பிசகினால் ஒருவருக்கு மருந்தே மாறிப்போகும், அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் உருளும், அண்ணன் பிள்ளைகளில் சின்னவன் கதவை உதைப்பான், அண்ணன், "வீட்லதானே இருக்க, சிலிண்டர் வந்தா கொஞ்சம் பாத்துக்கோ" என்பான். வீட்டில்தானே இருக்கிறாள். இந்த வயதிலும், கல்யாணமாகாமல், வீட்டில்தானே இருக்கிறாள்... அதைத்தான் சொல்கிறானா, அவன் அப்படி நினைக்கிற ஆளில்லை, ஆனாலும் அவளுக்கு அப்படித்தான் கேட்கிறது, நாளெல்லாம் காதால் பிழைக்கிறவளுக்குச் சொல்லாததும் கேட்குமோ என்னவோ.

எண் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தாள்களைப் புரட்டியபடியே, "அங்க உங்களுக்கு யாரு இருக்காங்க?" என்றாள். யாரும் இல்லை. "அப்புறம் எதுக்கு ஒரு வருஷம்? இதே வேலைய இங்கயே செய்யலாமே." புதிய சூழல், கடற்கரை, கலாசாரம், எல்லாம் மனப்பாடம் செய்துதான் வைத்திருந்தாள், வாய் தன் பாட்டுக்கு, "யாரும் இல்லங்கறதாலதான்" என்றது. கெடுத்துக்கொண்டாள், இதற்கா இத்தனை மாதம் பாடுபட்டாள்... அந்தப் பெண் நிமிர்ந்து ஒரு கணம் பார்த்தாள், சிரிக்கவில்லை, முடிவு மெயிலில் வரும் என்று பாஸ்போர்ட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாங்க், பாங்க் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவள், வீட்டுக்குள் நுழைந்ததும் பயந்துபோனாள், மதிய நேரத்தில் இத்தனை அமைதியா, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா... டிவியில் சத்தமில்லாமல் படம் மட்டும் ஓடியது. சின்னவன் பொம்மைக் காரைத் தரையில் உருட்டாமல் கையில் தூக்கித் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தான். அண்ணி சமையலறையிலிருந்து அடிமேல் அடிவைத்து வந்தவள் அவளைக் கண்டு அப்படியே நின்றாள். "நீ எப்ப வெளிய போன? நீ உள்ள மீட்டிங்ல இருக்கேன்னு நெனச்சு காலைலேர்ந்து இதுங்கள வாயத் திறக்க விடல." எல்லாரும் எழுவதற்கு முன்னால் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனவள் அவள்தான். எங்கே போனாய் என்று அண்ணி கேட்கவே இல்லை, "சாப்பிட்டியா, இல்லையா?" என்றுதான் கேட்டாள். காலியாகக் கிடந்த அறைக்காக இத்தனை பேர் காலையிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அப்படியென்றால் இது இன்று மட்டும்தானா, இல்லை தினம் தினம் இப்படி அடக்கியும் அடங்காமல் மிஞ்சியதைத்தான் அவள் இத்தனை நாளும் சத்தம் சத்தம் என்று கேட்டுக்கொண்டிருந்தாளா...