எதிரே உட்கார்ந்தவன்

எங்கள் பென்னலூரில் எனக்கு சந்தேகப் பிராணி என்று பெயர். டீக்கடை டம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை. நாலு வருஷமாக ஒரு ரப்பர் கம்பெனியில் டெம்பரவரியாகவே இருப்பவன் வேறு எப்படி இருப்பான்?

1991 ஜூலையில் மேனேஜர் ஒரு வாக்குக் கொடுத்தார். சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கான கேரம் போட்டியில் இரட்டையர் கப்பை ஜெயித்து வந்தால், டெம்பரவரிகளில் ஒருவரை பர்மனெண்ட் ஆக்குவாராம். ஒரே ஒருவரை. ஜோடியாகப் போட்டதோ என்னையும் ஞானசிகாமணியையும். இரண்டு பேருமே டெம்பரவரி. பர்மனெண்ட் ஆனால்தான் என் அப்பா வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போக முடியும் என்று என் மனைவி கிளியம்மாள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞானசிகாமணி நாகர்கோவில் பக்கத்துக்காரன். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தான். அவன் பேச்சு எங்களுக்குப் பாதி பிடிபடாது, சிலோன் ரேடியோ கேட்பது போலிருக்கும். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து, தெரியாத முகத்தையும் புதுப் பேச்சையும் கண்டால் ஊரே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. லாட்ஜ் லாட்ஜாக போலீஸ் வந்து பேர் எழுதிக்கொண்டு போனது.

கேரமில் ஜோடி பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரெதிரே உட்கார வேண்டும். ஆட்டத்தின் நடுவில் பேசவும் கூடாது. ஆக, பயிற்சி நேரம் முழுக்க அவன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். நான் நன்றாகவே பார்த்தேன். சிவப்புக் காய் குழி வாயிலேயே நிற்கும், குழந்தைகூடப் போட்டுவிடும். இவன் அதைத் தொடாமல் ஓரத்தில் கிடக்கும் ஏதோ ஒரு காயை நகர்த்திவிட்டு என்னைப் பார்ப்பான். வேண்டுமென்றே கெடுக்கிறான் என்று எனக்குப் பட்டது.

ஆட்டம் முடிந்ததும் மூலையில் உட்கார்ந்து ஒரு சின்ன நோட்டில் எழுதுவான்.

"இன்னாபா எழுதிகினு கீற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அண்ணே, சும்மா. என்னத்துக்குக் கேக்குதிய?" என்று நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சும்மா எழுதுகிறவன் எதற்கு மூட வேண்டும்?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனான். நோட்டை எடுத்துப் பிரித்தேன். ஒரு கட்டம், நாலு மூலையிலும் வட்டம், குறுக்கும் நெடுக்கும் அம்புக்குறிகள், மேலே நரசிம்மன் என்று என் பெயர். அது கேரம் பலகை என்று எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலடிச் சத்தம் கேட்கவே, எழுத்தைப் படிக்காமல் பழையபடி வைத்துவிட்டேன்.

என் ஆட்டத்தைக் குறித்து எதிர் டீமுக்குக் கொடுக்கப் போகிறான், இல்லாவிட்டால் மேனேஜரிடம் காட்டி என்னை மட்டம் தட்டப் போகிறான். இரண்டில் ஒன்று நிச்சயம் என்று முடிவுகட்டி, நேரே சூப்பர்வைசர் சம்பத்குமாரிடம் போனேன். பெருமாள் கோயில் கைங்கர்யக் குடும்பம், பயந்த சுபாவம்.

"சார், அவன் பேச்சு நம்மூர்ப் பேச்சா இல்ல. பாக்கெட்ல ஒரு நோட்டு வச்சிகினு ஏதோ படம் போடறான். கட்டம், அம்புக்குறின்னு இன்னான்னவோ கீது."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கேரம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலமே ஜீப் வந்தது. நோட்டைப் புரட்டிய போலீஸ்காரர் எந்த இடத்து வரைபடம் என்று கேட்டார். ஞானசிகாமணி கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தான்.

"அண்ணே, இது கேரம்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் விசாரித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் போலீஸ் வந்து கூட்டிப்போனவன் வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. டெம்பரவரிதானே, காரணம் காட்ட வேண்டியதில்லை. டிரங்குப் பெட்டியுடன் அவன் ஊருக்கு பஸ் ஏறிய மறுநாள், சம்பத்குமார் அந்த நோட்டை என்னிடம் நீட்டினார்.

"உங்கிட்ட குடுக்கச் சொன்னான். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு உனக்கு வேணுமாம். இது கேரம் போர்டுன்னு உனக்குத் தெரியலையாப்பா?"

"கவனிக்கல சார்" என்றேன்.

நான் செய்தது தெரிந்தே கொடுத்துவிட்டுப் போனானா, தெரியாமல் கொடுத்தானா என்று நோட்டைப் பிரிக்கும்போதும் எனக்குச் சந்தேகம்தான். உள்ளே குண்டு குண்டான எழுத்து.

'நரசிம்மன் அண்ணன் ஒரு காய் தவறினால் அடுத்ததை ஓங்கி அடிக்கிறார். குழி வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறது. ஸ்ட்ரைக்கரை வைத்த பிறகு விரலை ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் கோபம் இறங்கும்.'

'சிவப்பை அவருக்கே விட வேண்டும். அவர் போட்டால்தான் மேனேஜர் கண்ணில் படுவார். எனக்கு வயது இருக்கிறது.'

கடைசிப் பக்கத்தில்: 'ஆடும்போது பலகையை விட என் முகத்தையே அதிகம் பார்க்கிறார். பலகையை மட்டும் பார்த்தால் அவரை யாராலும் ஜெயிக்க முடியாது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.'

நாகர்கோவில் பக்கம் என்பதைத் தவிர அவன் ஊர்ப் பெயர்கூட எனக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் நான் கேட்டதேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஜோடியாக வந்தவர் ஃபிட்டர் கோபால். அவர் பர்மனெண்ட், ஜெயித்தால் வேலை எனக்குத்தான். கடைசி போர்டில் எங்களுக்குச் சிவப்பும் ஒரு வெள்ளையும் பாக்கி, அவர்களுக்கு ஒரே ஒரு கறுப்பு. சிவப்பை முதல் தடவை தவறவிட்டேன். நல்லவேளையாக அவர்களும் தவறவிட, கோபாலுக்கும் விழாமல், மறுபடி என் முறை வந்தது. ஓங்கி அடிக்கத்தான் தோன்றியது. ஸ்ட்ரைக்கரை வைத்தேன். விரலை எடுத்தேன். மறுபடி வைத்து மெதுவாகச் சுண்டினேன். சிவப்பு விழுந்தது, பின்னாலேயே வெள்ளையும் விழுந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள். "திங்கக்கிழமை ஆர்டர் வாங்கிக்கோ" என்று மேனேஜர் முதுகில் தட்டினார். எதிரே இருந்து கோபால் கை நீட்டினார். நிமிர்ந்தால் எதிரே இருக்கும் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். நான் பலகையைப் பார்த்தபடியே காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.