வேப்பமரத்தடியில் நான்கு மணி நேரம்

“காலனி மக்களின் சுகாதாரக் குறைவே இதற்குக் காரணம்.” சீனிவாசன் சார் எழுதி அனுப்பிய இந்த வரியைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலனியில்தான் நான் பிறந்தேன். அந்த வரி என் எம்.டெக் ஆய்வேட்டின் முடிவுரையில், என் பெயரில் வரப்போகிறது. ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான்.

படிப்பு உயிர்ப்பொறியியல், பிரிவு பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ். காஞ்சிபுரத்தில் எண்பது பேரின் குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. நெசவுத் தெருக்களில் நாற்பது பேர், எங்கள் காலனியில் நாற்பது பேர். சாம்பிள் என்றால், சொல்ல என்ன வெட்கம், மலம்தான். சேகரித்தவர் பிஎச்.டி. சீனியர் லோகேஷ். டி.என்.ஏ. தகவலைக் கணினியில் அலசியது நான். திரையில் ஆளுக்கொரு புள்ளி. நெசவுத் தெரு ஒரு பக்கம், காலனி மறுபக்கம், நடுவில் தேர் போகிற அளவுக்கு இடைவெளி. காலனிப் பக்கம் முழுக்க ஈ.கோலை வகையறா, அசுத்தத்தின் அடையாளம் என்று சொல்லப்படும் கிருமி.

ஒரே ஊர், ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே ரேஷன் அரிசி. இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? சேகரிப்புக் குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். நெசவுத் தெரு டப்பாக்கள் பத்து நிமிடத்தில் ஐஸ் பெட்டிக்குள் போயிருக்கின்றன. எங்கள் டப்பாக்களுக்கு நான்கு மணி நேரம். அம்மாவும் அந்த நாற்பது பேரில் ஒருத்தி, அறுபத்து மூன்றாம் எண். அவளிடமே கேட்டேன்.

“அந்தப் புள்ள உள்ள வரலம்மா. வேப்பமரத்தாண்ட வெச்சிட்டுப் போங்கன்னுச்சி. மத்தியானமா வந்து எடுத்துக்கினு போச்சி,” என்றாள், தபால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

காஞ்சிபுரத்து வெக்கையில் நான்கு மணி நேரம் கிடந்தால் கிருமி பெருகாமல் என்ன செய்யும்? பெருகியது டப்பாவில். பழி மட்டும் எங்கள் குடலுக்கு.

நேராக சாரிடம் போனேன். எல்லா ஆய்விலும் இப்படிச் சின்னக் குறை இருக்கும், நேரம் எழுதிய அந்தக் கட்டத்தை எடுத்துவிடு, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பக்கத்தில் நின்ற லோகேஷுக்குச் சிரிப்பு. தன்னுடையதை நாள் முழுக்க வெயிலில் வைத்தாலும் ஒன்றும் ஆகாதாம்.

“அப்போ கொண்டாங்கண்ணா, வெச்சிப் பாத்துடலாம்,” என்றேன்.

சார் எதிரில் சொன்ன வார்த்தை, லோகேஷால் பின்வாங்க முடியவில்லை. மறுநாள் இரண்டு டப்பா வந்தது. ஒன்றை உடனே ஐஸில் வைத்தேன். இன்னொன்றை எங்கள் காலனி வேப்பமரத்தடியில் வைத்து, நான்கு மணி நேரம் நானே காவல் இருந்தேன். வெள்ளிக்கிழமை போனால் போகட்டும்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. திரையில், ஐஸில் வைத்த லோகேஷ் நெசவுத் தெருப் பக்கம் இருந்தார். மரத்தடியில் வைத்த லோகேஷ் இடைவெளியைத் தாண்டி வந்து, அறுபத்து மூன்றாம் எண்ணை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

சார் படத்தைப் பார்த்தார். “அவன் புள்ளிய எடுத்துடும்மா பிரவீனா. பாவம், அசிங்கமா இருக்கும் அவனுக்கு.”

“எங்கம்மா புள்ளியும் அதுலதான் சார் இருக்குது. அது அசிங்கம்னு உங்களுக்குத் தோணவே இல்லையே.”

சார் பேனாவை எடுத்தார். சுகாதாரக் குறைவு என்ற வரியை அடித்தார். காலனியில் மறுபடி சேகரிக்கச் சொன்னார். எனக்கு ஒரு செமஸ்டர் போயிற்று. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அடுத்த வாரம் லோகேஷ் ஐஸ் பெட்டியோடு காலனிக்குள் வந்தார். நான் குறிப்புத் தாளோடு கூடவே நடந்தேன். வீடு வீடாக, பத்தே நிமிடத்தில் டப்பா பெட்டிக்குள் போனது. எங்கள் வீட்டு வாசலில் அம்மா ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள்.

“வேணாம் ஆன்ட்டி, தாகமில்ல,” என்றார்.

மணி பன்னிரண்டரை. அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. தாளில் நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அந்தத் ‘தாகமில்ல’ என்பதையும் எழுதிக்கொண்டேன்.