மூன்று மீட்டருக்குள்

"மூணு மீட்டர்னா என்னக்கா, இந்தக் கடை நீளம்கூட..."

"அந்த மூணு மீட்டருக்குள்ள மூணு பேரு படுத்திருக்காங்க, கிளாரன்ஸ். அம்மா, இராஜம்மா அத்தை, அந்தப் பக்கம் ஐவன் மாமா. யாரத் தூக்கி யாரு மேல வைக்கப்போற?"

"ஒரு லிஸ்ட்டுக்கு இவ்ளோ பாக்கணுமா? நீ என்ன சர்வேயரா?"

"நீ ரயில்வேல சிக்னல் பாத்தவன்தானே. சிக்னலத் தாண்டி மூணு மீட்டர் தள்ளி வண்டிய நிப்பாட்டினா சும்மா விட்டாங்களா?"

பிரிக்பீல்ட்ஸில் குருவின் கடை அத்தனை குறுகலானது. இருவர் சண்டை போட்டால் மூன்றாவது ஆள் கடை வாசலில் ஐந்தடிப் பாதையில் போய் நிற்க வேண்டும். கடைக்காரர் என்பதால் குரு உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி மேசைமேல் இரண்டு ஜி.பி.எஸ். கருவிகள் இருந்தன. இரண்டுக்கும் ஒயர் கிடையாது, புளூடூத்தில் லேப்டாப்போடு பேசிக்கொள்ளும். கறுப்பு நிறத்தது தீப்பெட்டி அளவு. மஞ்சள் நிறத்தது டிபன் கேரியர் மூடி மாதிரி, கம்பின் உச்சியில் பொருத்த வேண்டும். அசையாமல் இரண்டு நிமிடம் பிடித்தால் ஒரு சாணுக்கு மேல் தவறாது என்றார் குரு. கறுப்பு மூன்று மீட்டர் அப்படி இப்படி இருக்கும்.

கைப்பேசியில் முடிகிற காரியமாக இருந்தால் சூசன் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருக்க மாட்டாள். போன மாதம் கைப்பேசியோடுதான் போனாள். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் ஓலைகளுக்கு அடியில் நீலப்புள்ளி தாவித் தாவி, கடைசியில் அம்மாவை வாய்க்காலுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

பந்திங் பக்கத்து எஸ்டேட் கைமாறியதிலிருந்து இதே அலைச்சல்தான். மரங்களுக்கு நடுவே முப்பத்தொரு குடும்பங்களின் கல்லறைகள். பெயர் வெட்டிய கல் நாலைந்துக்குத்தான் உண்டு. மீதி எல்லாம் மண்மேடும் மரச்சிலுவையும். யார் எங்கே என்று வரைபடத்தோடு வருட முடிவுக்குள் கொடுங்கள், அந்த இடத்தை வேலி போட்டு விட்டுவிடுகிறோம். இல்லையென்றால் எலும்புகளைச் சேர்த்து ஒரே குழி, ஒரே கல் என்றது புதிய கம்பெனி. மருத்துவமனைப் பதிவேட்டில் முப்பது வருடம் எழுதிய கை என்பதால் பட்டியல் வேலை சூசனிடம் வந்து சேர்ந்தது. யாரும் கையெழுத்துப் போடாதீங்க, எல்லாரும் ஒண்ணா நிக்கணும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். காரோட்டியது தம்பி கிளாரன்ஸ்தான். அக்டோபர் கடைசியில் கம்பெனியின் கடிதத்தைக் கோயில் மண்டபத்தில் வாசித்தபோது, ஒரு குடும்பம் ஏற்கெனவே சம்மதித்துவிட்டது என்று அதில் இருந்தது. சூசன் கூட்டத்தைப் பார்த்தாள். "அந்த வீட்டுல இருக்கிறவங்க மனுசங்கதானா?" என்று கேட்டாள். கூட்டமே தலையாட்டியது. கிளாரன்ஸ் பின்னால் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். "சீனி போதுமாக்கா?" என்று அவளிடம் நீட்டினான்.

வெளியே ஹார்ன் அலறியது.

"என் காடியத்தான் திட்டுறான்" என்று கிளாரன்ஸ் எழுந்து காரை நகர்த்த ஓடினான். "கறுப்பையே எடுத்துக்கலாம் பாஸ்!" என்ற குரல் மட்டும் கடைக்குள் மிஞ்சியது.

குரு சிரித்தார். "ரெண்டையும் ஒரு வாரம் கொண்டு போய் டிரை பண்ணுங்க லா, ஆன்டி. ஆளுக்கு ஒண்ணு. அதே கல்லறைய ரெண்டு பேரும் அளங்க, எது சரின்னு தெரிஞ்சிரும்." கறுப்பை உள்ளங்கையில் உருட்டினார். "இதுலயும் ஒரு நல்லது இருக்கு. லேப்டாப் பக்கத்துல இல்லாட்டியும், சுவிட்ச போட்டுட்டா போற வழிய அதுவே எழுதி வச்சுக்கும்."

செவ்வாய்க்கிழமை சூசன் பஸ் பிடித்துப் பந்திங் போனாள். அங்கிருந்து வாடகைக் காரில் எஸ்டேட்டுக்கு. மஞ்சள் கருவியைக் கம்பில் மாட்டி ஒவ்வொரு மேட்டின் தலைமாட்டிலும் நட்டு, இரண்டு நிமிடம் மூச்சைக்கூட அடக்கிப் பிடித்தாள். அம்மாவின் மேட்டில் மூன்று முறை அளந்தாள். மூன்றும் ஒத்துப்போயின. அறுபத்தாறு வயதில் முழங்கால் சேறோடு அவள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினாள். எண்களைக் கல்லறைக் குழுவின் வாட்ஸ்அப்பில் உடனே போட்டாள்.

புதன் கிளாரன்ஸின் முறை. கறுப்பின் சுவிட்சைப் போட்டே சூசன் அவன் கையில் கொடுத்திருந்தாள். வியாழன் சாயங்காலம் கறுப்புக் கருவியோடு ஒரு தாளையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். "பாத்தியா, உன் நம்பரும் என் நம்பரும் ஏறக்குறைய ஒண்ணு. கறுப்பே போதும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பி கலக்க அடுப்படிக்குப் போனான்.

சூசன் தாளில் விரலை வைத்து வரிவரியாக இறக்கினாள். ஒவ்வொரு எண்ணிலும் கடைசி இலக்கம் மட்டும் வேறு. ஒவ்வொன்றிலும் சரியாக இரண்டு கூட. ஓலைக்கடியில் எந்தக் கருவியும் இத்தனை ஒழுங்காகத் தப்புச் செய்யாது. வார்டுக்குப் போகாமலே காய்ச்சல் அளவு எழுதும் நர்ஸுகளை அவளுக்குத் தெரியும். இவனுக்கு முட்டிவலி, மழை வேறு, போகாமல் இருந்திருப்பான் என்று நினைத்தாள். கையும் களவுமாகப் பிடித்துக் கிண்டல் செய்யலாம் என்றுதான் கறுப்பை லேப்டாப்போடு இணைத்தாள்.

சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை வரிசையில் ஆறு நிமிடம். பிறகு நெடுஞ்சாலை. பந்திங் பக்கம் திரும்பவே இல்லை. ஷா ஆலத்துக்கு வெளியே ஓரிடத்தில் நாற்பத்தேழு நிமிடம் நின்று, வந்த வழியே திரும்பியது. சூசன் படத்தைப் பெரிதாக்கினாள். பச்சைப் புல், வரிசை வரிசையாக வெள்ளைக் கட்டங்கள். அவள் முதலில் வீடுகள் என்று நினைத்தாள்.

"புதன்கிழமை பந்திங் போன இல்ல?"

"போனேனே. என்னா மழை!" கரண்டி கோப்பையில் சுற்றும் சத்தம்.

"எந்த வழியா?"

"எப்பவும் போற வழிதான் லா."

அவன் இரண்டு கோப்பைகளோடு வந்தான். சூசன் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். கிளாரன்ஸ் பார்த்தான். ஒரு கோப்பையை வைத்தான். மற்றதை வைக்க மறந்துவிட்டான்.

"மலிவு சாமான்கா. தப்பாக் காட்டும்."

"தப்பாக் காட்டினா மூணு மீட்டர் காட்டும். முப்பது கிலோமீட்டர் காட்டாது. யாருக்குப் பூ வாங்கின?"

அவன் உட்கார்ந்தான்.

"அம்மா அங்கதான் இருக்காங்க."

தெருவில் ரொட்டிக்காரனின் மோட்டார் சைக்கிள் ஹார்ன் அடித்துக்கொண்டே போயிற்று.

"எப்பலேருந்து?"

"அக்டோபர். கம்பெனி ஆளு வீட்டுக்கு வந்தான். முதல்ல கையெழுத்துப் போடுற குடும்பத்துக்குத் தனி இடம், பேரு வெட்டின கல்லு. அப்புறம் வர்றவங்களுக்கு ஒரே குழிதானாம். நீ ஜெயிப்பேன்னு எனக்கு நம்பிக்கை வரலக்கா. தோத்துட்டோம்னா அம்மா அந்தக் குழியில எல்லாரோடயும்..." அவன் நெற்றியைத் தேய்த்தான். "நல்லபடியாத்தான் செஞ்சேன். ஃபாதர் வந்து மந்திரிச்சாரு. கல்லுல உன் பேரும் இருக்கு."

"என் கையெழுத்து?"

"மகன் போட்டா போதும்னாங்க."

சூசன் பட்டியலைப் பார்த்தாள். முதல் வரியே அம்மாதான். ஒரு சாண் பிசகாமல், மூன்று முறை அளந்து, முப்பத்தொரு குடும்பங்களுக்கும் அனுப்பிவைத்த இடம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் தனியாகப் போய்ப் புல் செதுக்கி, புதுமண் குவித்து, சிலுவைக்கு வெள்ளை அடிப்பது எத்தனையோ வருடமாகக் கிளாரன்ஸின் வேலை. இந்த வருடமும் மேடு புதிதாக இருந்தது. தம்பி எவ்வளவு அழகாகக் குவித்திருக்கிறான் என்று அவள் அன்று எல்லாரிடமும் காட்டினாள்.

"சொல்லியிருப்பேன்கா. நீ அன்னிக்கு மண்டபத்துல கேட்ட கேள்வியில..."

மேசைமேல் கறுப்புக் கருவியின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அது இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. இந்த மேசையை, இந்த நாற்காலிகளை, இருவரும் அசையாமல் இருக்கும் இந்த இடத்தை. சூசன் அதை அணைக்கவில்லை.

"திருநாளன்னிக்கு நான் முட்டி போட்டு மெழுகுவத்தி கொளுத்தினப்ப, காத்துல அணையுதுன்னு ரெண்டு கையையும் குவிச்சு மறைச்சியே கிளாரன்ஸ், உள்ள யாரும் இல்லேன்னு தெரிஞ்சுதானே மறைச்ச?"