நடுங்காத கண்ணாடி

பொன்னுத்தாய்க்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். காவிரிப் பாலத்தின் நடுவில் அவளுடைய ஜீப் மடாரென்று சத்தம் போட்டு நின்றபோது, அவள் சொன்ன வார்த்தை பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது. மறுநாள் போகி.

கொள்ளிடத்தின் நடுத்திட்டில் இருந்த வாழைத்தோட்டம் அவள் புருஷன் வைத்தது. அவன் கண்ணை மூடியதும் கொழுந்தன் அழகிரி அதை "நம்ம தோட்டம்" என்று சொல்ல ஆரம்பித்தான். பொம்பளை தனியாக எப்படிச் சரக்கை மார்க்கெட்டில் சேர்ப்பாள் என்று ஊர்க்கூட்டத்திலும் கேட்டான். ஊர்ப் பெரியவர் வெள்ளைச்சாமி தீர்ப்புச் சொன்னார். போகியன்று ஏலம் தொடங்குவதற்குள் அவளுடைய வாழைத்தார்கள் காந்தி மார்க்கெட்டில் இறங்கினால் தோட்டம் அவள் பொறுப்பு. இல்லாவிட்டால் அழகிரி பொறுப்பு. தீர்ப்பாம் தீர்ப்பு! ஊரில் இருந்த மாட்டு வண்டியெல்லாம் அழகிரி கையில் இருந்தது.

அதனால்தான், மிலிட்டரி ஏலத்தில் புருஷன் எடுத்துப் போட்டிருந்த ஜீப்பை அவள் வெளியே இழுத்தாள். அவன் இருந்தபோதே ஓட்டப் பழகியவள். ஆற்று மணலில் வண்டித்தடத்து மேடு ஜீப்பின் வயிற்றில் தட்டியது. தென்னூர் மெக்கானிக் அப்துல் மாலிக் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி, பட்டையைத் தாங்கும் தொங்கலையும் நீட்டி, ஜீப்பை நாலு விரற்கடை உயர்த்திக் கொடுத்தார். மணலில் அது ஜோராகப் போனது. ரோட்டில் ஏறி வேகம் பிடித்தால்தான் பேய் பிடித்த ஆட்டம். பக்கத்துக் கண்ணாடியில் ஒரு ஆள் நாலு ஆளாகத் தெரிந்தான். கடைசியில், போகிக்கு முந்தின நாள் ஓட்டிப் பார்த்தபோது பாலத்தில் ஷாஃப்ட் ஜாயின்ட்டே உடைந்துபோனது.

பாலத்தில் போனவர்கள் கைகொடுத்துத் தென்னூர் வரைக்கும் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாலிக் அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கழற்றினார். கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு அது. முனைக்கு ஒரு ஜாயின்ட்.

"நான் வைச்ச ஆப்புல தப்பே இல்லம்மா. வண்டியைத் தூக்கினதும் ஷாஃப்ட் சாஞ்சிடுச்சு. அதான் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல ஆப்பு வைச்சு, அச்சோட மூக்கை ஷாஃப்ட்டுக்கு நேரா நிமித்தி விட்டேன். இதுக்கு மேல யாராலயும் நேரா நிறுத்த முடியாது."

பொன்னுத்தாய் இரண்டு ஜாயின்ட்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். முன்னது கருகித் தேய்ந்து பிளந்திருந்தது. பின்னது புத்தம் புதிதாக மினுக்கியது.

"பாய், ரெண்டும் ஒரே நாள்ல போட்டதுதானே?"

"ஆமா."

"அப்ப இவன் மட்டும் ஏன் செத்தான்? அவன் ஏன் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கான்?"

மாலிக் தாடியைச் சொறிந்தார்.

"ரெண்டு பேர் கம்புல தார் தூக்கும்போது ஒருத்தன் குனியாமலே வந்தா இன்னொருத்தன் இடுப்பு போயிடும் பாய். இங்கேயும் ஷாஃப்ட் சாஞ்சதால வர்ற வளைவெல்லாம் ஒருத்தன் தலையிலதான் விழுந்திருக்கு. ரெண்டு பேருக்கும் சமமாப் பங்கு வையுங்க."

மாலிக் சாக்பீஸால் தரையில் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். பிறகு நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார்.

"முன்னாடி வளைவுல வர்ற குலுக்கலைப் பின்னாடி வளைவுதாம்மா அடக்கணும்! நான் பின்னாடி வளைவே இல்லாம பண்ணிட்டேன். கியர் பெட்டி எந்தச் சாய்வோ, அச்சும் அதே சாய்வுல இருக்கணும்."

ஆப்புகளை உருவித் திருப்பி, தடித்த பக்கம் எதிர்ப்புறம் வருமாறு செருகினார். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு இரண்டு சாய்வும் ஒன்றாகும் வரை விடவில்லை. புது ஜாயின்ட் பழகும் வரை மெதுவாகப் போகச் சொல்லி அனுப்பினார். வேகத்தில் எப்படி ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

போகியன்று தார்களை வெட்டி ஏற்றிக்கொண்டு அவள் கிளம்பியபோது விடிந்துவிட்டது. அழகிரியின் வண்டிகள் அவன் சரக்கை ஏற்றிக்கொண்டு எப்போதோ போயிருந்தன. மணல் தாண்டி, ஸ்ரீரங்கம் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அவை முன்னால் தெரிந்தன. முதல் வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு நடுவர் வெள்ளைச்சாமியே உட்கார்ந்திருந்தார்.

இனி மெதுவாகப் போனால் தார்களை இறக்கி முடிப்பதற்குள் ஏலம் தொடங்கிவிடும், தோட்டம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பேய் பிடிக்கும் வேகம் வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

ஒன்றும் ஆடவில்லை.

வண்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். அழகிரி தெரிந்தான். ஒரே அழகிரி. பிளந்த வாயில் வெற்றிலைச் சிவப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. பொன்னுத்தாய் வாய்விட்டுச் சிரித்தாள். பாலம் முடியும் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

தார்களை இறக்கி, அவள் டீயும் குடித்து முடித்த பிறகுதான் மாட்டு வண்டிகள் மார்க்கெட்டுக்குள் நுழைந்தன. ஏலம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. வெள்ளைச்சாமி இறங்கி, அடுக்கியிருந்த தார்களைச் சுற்றி வந்து தொண்டையைக் கனைத்தார்.

"பொன்னுத்தாய் பொறுப்புதான்."

அழகிரி அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "அதுக்கென்ன அண்ணி, எப்படியும் நம்ம தோட்டந்தானே."

அவளுக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை. அதனால் கூடைக்காரிகளும் சுமைகூலிகளும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கவே சொன்னாள்.

"நாளைக்குப் பொங்கலுக்கு வந்துடுங்க தம்பி. என் தோட்டத்துக்கு."