மதிய வெயில் தாங்காத மரம்

முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்கால் போட்டுக் கொடுத்தவள் நான். யாரையோ யாரோடோ இணைத்துவிட்டு, மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் புகுந்து "நேரமாச்சு, நீட்டிக்கவா?" என்று கேட்பது என் வேலை. ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். நாலு நிமிஷம் பேசுவான். இரண்டாவது நிமிஷத்தில் முதல் "அப்புறம்?" வரும். மூன்றாவது "அப்புறம்" வந்துவிட்டால் போனை வைக்கப் போகிறான் என்று அர்த்தம். அதன் பிறகு அடுத்த ஞாயிறுவரை வீட்டில் நானும் கடிகாரமும்தான்.

இப்படி இருக்கையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் பெரிய மரத்தை வெட்டித் தள்ளினார். அன்றிலிருந்து மதிய வெயில் அழையா விருந்தாளியாக என் முன்னறையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஞாயிறு வீடியோ காலில் மகன் கேட்டான்.

"என்னம்மா, உன் முகமே தெரியல? ஒரே வெள்ளையா இருக்கு."

"வெயில்டா."

"ஜன்னலுக்கு வெளியில சின்னதா, அழகா ஒரு மரம் வையேன். இடம் எவ்வளவு இருக்குன்னு அளந்து சொல்லு பாப்போம்."

அவன் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன். அளவு என்று வந்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். அன்று இருபத்திரண்டு நிமிஷம் பேசினான். மறுநாளும் கூப்பிட்டான்! சுவரிலிருந்து எத்தனை அடி, வேர் அஸ்திவாரத்தைக் குடையுமா, வெயில் எப்போது வந்து எப்போது போகிறது என்று ஆயிரம் கேள்வி. நான் அந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தரம் நிழலின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு இழுத்தேன். ஒரு மணியிலிருந்து ஐந்தரைவரை சுள்ளென்று அடிக்கிறது. தலை காய்ந்தது, மனசு குளிர்ந்தது.

மந்தாரை வை என்றான். இலை கொட்டும் என்றேன். மயில்கொன்றை என்றான். முள் என்றேன். அரளி என்றான். விஷம் என்றேன். வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்களே, அப்படி. உண்மையில் மூன்றும் நல்ல மரங்கள்தான். மரம் முடிவாகிவிட்டால் தினமும் வருகிற போன் நின்றுபோகும் என்ற பயம்தான் எனக்கு. பதினேழு நாள் இப்படியே ஓட்டினேன்.

நர்சரிக்காரிக்குத்தான் பொறுமை போய்விட்டது. ஆறாவது தடவை நான் வெறுங்கையோடு திரும்பப் பார்த்தபோது தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டாள்.

"நீங்க மரம் தேடுறீங்களா, மருமக தேடுறீங்களா? இந்த மயில்கொன்றைய எடுத்துட்டுப் போங்கம்மா. மதிய வெயில்னா அதுக்குக் கொண்டாட்டம். நட்டுட்டு மறந்துடலாம்."

மறந்துடலாம் என்றது சுருக்கென்று தைத்தது.

"ஏம்மா, மறக்க முடியாத மாதிரி ஏதாவது இருக்கா? தினம் என்னாச்சோ ஏதாச்சோன்னு பாக்கணும், நாலு பேர்கிட்ட யோசனை கேக்கணும். அப்படி ஒண்ணு."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நிழல்வலைக்குக் கீழே ஓரமாக இருந்த ஜப்பான் மேப்பிளைக் காட்டினாள். இடுப்புயரம். விரலை விரித்த குழந்தைக் கை மாதிரி சிவப்புச் சிவப்பாக இலை.

"அழகுதான். ஆனா மதிய வெயில் பட்டா கருகிடும். காலை வெயில் மட்டும் விழுற இடம் இருக்கா?"

"கிழக்குப் பக்கம் பூரா சிமெண்ட்."

"அப்ப உங்களுக்கு ஆகவே ஆகாது."

"இதையே குடு," என்றேன்.

நட்ட மூன்றாம் நாளே இலை நுனி கருகியது. போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் மகன் கூப்பிட்டான். மண், தண்ணீர், உரம் என்று பத்தொன்பது நிமிஷம் ஓடியது. கருகின இலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளும் போட்டோ அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் பாதி இலை சுருண்டுவிட்டது. அன்று அவன் ஆபீஸிலிருந்து பேசினான். பேச்சுக்கு நடுவே விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த மரத்தால தினம் தினம் தொந்தரவு. பிடுங்கிப் போட்டுட்டு, பாத்துக்கவே வேண்டாத மரமா ஒண்ணு வெச்சுடு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அவன் கெட்டவன் இல்லை. மரத்தைத்தான் சொன்னான். எனக்குத்தான் பயம் வந்தது. தினம் பார்த்துக்கொள்ள வேண்டியதாக ஆகப் போவது இந்த வீட்டில் மரம் மட்டுமா என்ன?

"இல்லடா, இப்ப தேவலை. புதுசா துளிர் விட்டிருக்கு," என்றேன். ஒரு துளிரும் விடவில்லை.

"அப்பாடா! அப்ப கவலை இல்ல. அப்புறம்?"

"நல்லா இருக்கேன்."

"அப்புறம்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக மூன்று நிமிஷம். நீட்டிக்கவா என்ற கேள்வி வாய்வரை வந்தது.

"உனக்கு வேலை இருக்கும், வைடா கண்ணா," என்று நானே சொல்லிவிட்டேன். மூன்றாவது அப்புறத்தைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது பழையபடி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். தினமும் ஒரு மணி ஆனால் நாற்காலியை வெளியே போட்டு, பெரிய கறுப்புக் குடையை மரத்துக்குப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். நான் செய்த பாவம், நான்தான் பிடிக்க வேண்டும். கை வலித்தால் கையை மாற்றிக்கொள்வேன். ஐந்தரைக்குக் குடையை மடக்குவேன்.

நேற்று அடிக்கிளையில் நிஜமாகவே ஒரு துளிர் விட்டிருந்தது. அரிசி அளவுதான் இருக்கும், நல்ல சிவப்பு. ஓடிப்போய் போனை எடுத்துவந்து போட்டோ எடுத்தேன். ஆனால் அனுப்பவில்லை. துளிர் விட்டாயிற்று என்று அவனிடம்தான் போன மாதமே சொல்லிவிட்டேனே.