இரண்டு மாநில வரவேற்பு

எல்லையில் பிறந்தவனுக்கு உலகத்தில் எதுவும் தீர்ந்துபோகாது. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் பாறசாலை லிபின். ஒரு மாநிலத்தில் தீர்ந்தது அடுத்த மாநிலத்தில் இருக்கும், நடுவில் நிற்பது ஒரு பலகை மட்டுமே என்பது அவன் கொள்கை. பெட்ரோலுக்குத் தமிழ்நாட்டுக் களியக்காவிளை, மீனுக்குக் கேரளத்துப் பொழியூர் என்று அவன் வம்சமே அப்படித்தான் தழைத்தது.

பழைய டெம்போ டிராவலரில் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, இனி இதுதான் வீடு என்று அவன் அறிவித்தபோது மனைவி ஜெஸ்மி கேட்டது ஒன்றுதான்.

"நெட்டு?"

"அன்லிமிட்டட் பிளான் ஆக்கும் மக்கா. சொந்தக்காரன் வீட்டுல போயி, சாயா வருமுன்ன வைஃபை பாஸ்வேர்டு கேக்கியவன் மாதிரி நாம நிக்காண்டாம். அவனெல்லாம் மனுசனா?"

அப்படிக் கேட்கிறவன் ஜெஸ்மியின் தம்பி சிபி. அப்போது அங்கேயே அமர்ந்து, லிபின் வீட்டு வைஃபையில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

முதல் பயணத்தன்றே ஜெஸ்மிக்கு இண்டர்வியூ வந்தது. மெடிக்கல் கோடிங் வேலை, வண்டியிலிருந்தே செய்யலாம். இரண்டு வருடமாகத் தேடியது. மூன்று மணிக்கு வீடியோ கால். அவளுடைய பிளானை வீண்செலவு என்று லிபின் ஏற்கெனவே நிறுத்தியிருந்தான், அவன் ஹாட்ஸ்பாட் போதுமாம்.

பொழியூர் கடற்கரையில் நிறுத்தி, காலை முழுக்க அவன் வண்டியை லைவில் காட்டினான். கடல், கட்டில், அடுப்பு, மறுபடி அடுப்பு. பார்த்தவர்களில் சிபியும் உண்டு.

மதியம் செய்தி வந்தது. அன்லிமிட்டடின் இன்றைய அளவு முடிந்ததாம். நெட் இருக்கும், ஆனால் ஊர்ந்துதான் வரும். கூடுதல் டேட்டா வாங்கும் பக்கத்தைத் திறக்கவும் டேட்டா வேண்டியிருந்தது.

"ஒரு ரீசார்ஜ் கடைய பாப்போம்" என்றாள் ஜெஸ்மி.

"எதுக்கு? தமிழ்நாட்டுல கேறினா புது டேட்டா வரும்."

எல்லை தாண்டியதும் தமிழ்நாடு வரவேற்பதாகப் போனில் செய்தி வந்தது. டேட்டா வரவில்லை. வழி மாறி, குன்னத்துகால் பக்கமாகத் திரும்பினான். கேரளமும் வரவேற்றது. இரண்டு அரசுகளும் இவ்வளவு அன்பாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"இஞ்ச பாருங்க, இன்னொரு வரவேற்பு வந்தா நான் எறங்கி நடப்பேன்."

வண்டியை அவன் மறுபடி திருப்பியபோது இறங்கியே விட்டாள். எதிர்வீட்டு கேட்டில் விலாசினி என்ற பெண் நின்று, அந்த அதிசய வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குள்ள அடுக்களையும் உண்டா?"

"உண்டு சேச்சி, கேறிப் பாருங்க. எனக்கு இப்ப ஒரு இண்டர்வியூ. வீட்டுல வைஃபை உண்டா?"

"அதுக்கென்ன மக்களே, உள்ள வா."

அறைக்கதவு சாத்தியபோது மூன்று அடித்தது. லிபின் வெளியே ஜன்னலடியில் நின்றான். ஜெஸ்மியின் குரல் எங்கும் அறுபடவில்லை. ஒருமுறை சிரித்தாள்கூட. அவன் அதுவரை மூச்சை அளவாகத்தான் விட்டிருந்தான்.

கதவு திறந்தது.

"திங்கட்கிழமை சேரணுமாம்" என்றாள். கண் கலங்கியிருந்தது. லிபின் அப்படியே படியில் உட்கார்ந்தான். அம்மாவைக் கூப்பிட அவனுடைய போனை வாங்கிக்கொண்டு, பேசி முடித்துத் திருப்பித் தந்து, அவள் வண்டிக்குப் போனாள்.

விலாசினி சாயா போட உள்ளே திரும்பினாள்.

"நல்ல வண்டி கேட்டியா. அதுல நெட்டு கிட்டுமா?"

"அன்லிமிட்டட் ஆக்கும்" என்றான் லிபின்.

பிறகு வண்டிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"சாயா மெதுவா போதும் சேச்சி. அந்த பாஸ்வேர்டு ஒருக்க சொல்லுவியளா?"